என் குரலில் ஒரு பீரோ

ஜூலை 1, திங்கள்

இன்று காலை வார்டு வராந்தாவில் என் குரலே எனக்கு எதிரில் வந்தது.

கட்டு மாற்றும் தட்டோடு போய்க்கொண்டிருந்தேன். "வணக்கம்மா, சொட்டு மருந்து போடுற நேரம் ஆச்சு" என்று நான் சொல்வது எனக்கே கேட்கிறது. ஆனால் என் வாய் மூடியிருக்கிறது. தூக்கிவாரிப் போட்டது. தட்டில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்து, மறுபடி அதைக் கொதிக்கவைக்க அனுப்ப வேண்டியதாயிற்று.

போன மாதம் எங்கள் கண் மருத்துவமனை நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, வரப்போகிற ரோபோவுக்குத் தமிழ்க் குரல் வேண்டும் என்றது. பொன்மலை மாதா கோவில் பாட்டுக்குழுவில் நான் பாடுவது மேட்ரன் கமலவேணி அம்மாவுக்குத் தெரியும். அவர்தான் மாட்டிவிட்டார். ஏசி அறையில் உட்காரவைத்து டெக்னீஷியன் முபாரக் என்னைப் படிக்கச் சொன்னார். வலி இருக்கிறதா, ஆமாம் இல்லை என்று சொல்லுங்கள், தலையை அசைக்காதீர்கள், இப்படி. கடைசியில் ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்: "பயப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்." இயந்திரத்துக்குப் புரியாத பேச்சை நோயாளி பேசினால் அதற்கு இதுதான் பதிலாம்.

"இன்னும் கொஞ்சம் அக்கறையா சொல்லுங்க சிஸ்டர்" என்றார் முபாரக். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடமாக நாளெல்லாம் சொல்கிற வாக்கியம். அதில் அக்கறை இருக்கிறதா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ரோபோ என்றதும் மனித உருவில் நடந்து வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது என்னவோ என் தோள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. கீழே சக்கரம், நடுவில் இழுப்பறைகள், மேலே ஒரு திரை, அதில் இரண்டு பொம்மைக் கண்கள். கை கால் எதுவும் கிடையாது. கட்டிலருகே வந்து நின்று பேசும், இழுப்பறை தானாகத் திறக்கும், மருந்தை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் மித்ரா. சாயங்காலத்துக்குள் பெண்கள் வார்டு முழுக்க அதற்குப் பீரோ என்றே பெயராகிவிட்டது.

ஜூலை 3, புதன்

உண்மையைச் சொல்ல வேண்டும். முழங்கால் வலி பாதியாகக் குறைந்துவிட்டது. மருந்தகத்துக்கும் மூன்றாம் மாடிக்கும் நடந்தே தேய்ந்த கால் இது. இப்போது பீரோ போகிறது, பீரோ வருகிறது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து போடவேண்டிய நோயாளிகளுக்கு ஒரு வேளைகூடத் தவறவில்லை.

வீட்டில் ரினி கேலி. "அம்மா, அந்த ரோபோகிட்ட சொல்லி நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கு. நீ டியூட்டிக்குப் போனதும் அது என்னைத் திட்டிக்கிட்டு இருக்கட்டும்." அவள் அப்பா இன்னாசிக்கு ஒரே சந்தோஷம். ரயில்வே ஒர்க்ஷாப்பில் எல்லாரிடமும் என் பெண்டாட்டி குரல் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் அழகுமீனா. இரண்டு கண்ணிலும் ஆசிட். புருஷன் ஆனந்தராசு டைல்ஸ் பதிக்கிறவன். டைல்ஸ் கழுவுகிற ஆசிட் பாட்டிலை வீட்டில் பரண்மேல் வைத்திருந்தானாம். அவள் ஏதோ எடுக்கப்போய்க் கை தட்டி முகத்தில் கொட்டிவிட்டதாம்.

நானும் டாக்டர் வைதேகியும் கண்ணில் சலைன் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தோம். அந்தப் பெண் கத்தவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆனந்தராசுதான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "என் கண்ண எடுத்து அவளுக்கு வச்சிருங்க டாக்டரம்மா" என்று காலில் விழப்போனான். பார்த்த எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது.

நெற்றியிலும் கன்னத்திலும் புண். கைகளைத் துடைத்துவிட்டபோது பார்த்தேன், விரலில்கூட ஒரு சொட்டு படவில்லை. "நல்ல காலம், கை தப்பிச்சுது" என்றேன்.

"ஆமாங்க சிஸ்டர், நல்ல காலம்" என்றான் ஆனந்தராசு.

ஆசிட் காயம் என்பதால் போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். கை தவறிக் கொட்டியது என்று எழுதி அனுப்பியாகிவிட்டது.

ஜூலை 6, சனி

அழகுமீனாவுக்கு ஆபரேஷன். கண்மேல் சவ்வு வைத்துத் தைத்து, இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். வலது கண் பிழைத்துவிடும், இடது கண் கடவுள் கையில் என்றார் டாக்டர் வைதேகி.

ஜூலை 8, திங்கள்

பன்னிரண்டாம் கட்டிலில் இன்று ஒரே சிரிப்பு. நான் மாத்திரை கொடுக்கப் போனேன். "இப்பதானே வந்துட்டுப் போனீங்க சிஸ்டர், மறுபடியுமா?" என்கிறாள் அழகுமீனா. முன்னால் வந்துபோனது பீரோ.

"அது நானில்லம்மா. என் குரல்ல பேசுற மெஷின் ஒண்ணு விட்டிருக்காங்க."

"மெஷினா? மனுசங்க மாதிரியே இருக்குமா சிஸ்டர்?"

"கண்ணைத் தொறந்ததும் நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன். பாத்துட்டு நீயே சொல்லு, யாரு அழகுன்னு."

முதல் தடவையாகச் சிரித்தாள். பக்கத்தில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் மாமியார்தான் துணைக்கு இருக்கிறாள். அந்த அம்மாள் கட்டிலை விட்டு நகர்வதே இல்லை. சாப்பாடுகூட அங்கேயேதான். இப்படியும் ஒரு மாமியார்!

பார்வையாளர் நேரத்தில் ஆனந்தராசு இளநீரோடு வந்துவிடுகிறான். தானே வழுக்கையைச் சுரண்டி ஊட்டுகிறான். ஊட்டும்போது குனிந்து அவள் காதோரம் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான். பக்கத்துக் கட்டில் பெண்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். வீட்டுக்கு வந்து இன்னாசியிடம் சொன்னேன். "நீங்களும் இருக்கீங்களே. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு டம்ளர் வெந்நீர் வச்சுக் குடுத்தீங்களா?" அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜூலை 9, செவ்வாய்

பீரோ இன்று ஓர் உயிரைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். ஐந்தாம் கட்டில் சுலைகா பீவி கண்கட்டோடு எழுந்து, பாத்ரூம் என்று நினைத்து மாடிப்படிப் பக்கம் போய்விட்டார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பீரோ குறுக்கே போய் நின்று, "அம்மா, நில்லுங்க, நில்லுங்க" என்று கூப்பிட்டு மணியும் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் படி விளிம்பில் நிற்கிறார்.

"எமல்டா புள்ள கூப்புட்டுச்சு, அப்புடியே நின்னுட்டேன்" என்றார் சுலைகா பீவி. நான் கூப்பிடவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

பழைய வாழ்க்கை திரும்பிவிட்டது. பீரோவின் சக்கரம் ஒன்று பூட்டிக்கொண்டது. காலையிலேயே முபாரக் வந்து வண்டியில் ஏற்றி எடுத்துப்போய்விட்டார். வெள்ளிக்கிழமைதான் திரும்புமாம். நாள் முழுக்க நடை. கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

அதுவும் இன்று பார்த்துதான் ரினியின் இன்ஜினியரிங் தரவரிசை வரும் நாள். வெப்சைட் திறக்கவில்லை, திறக்கவில்லை என்று அவளிடமிருந்து போன்மேல் போன். பையில் அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது. வார்டில் எடுத்துப் பேசினால் மேட்ரன் விழுங்கிவிடுவார்.

பன்னிரண்டில் மாமியாரைக் காணோம், குளிக்கப் போயிருந்தாள். அதிசயம்தான். அழகுமீனா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், பாவம். வீட்டு நினைப்பு போல. மறுபடியும் போன். தலையைத் தடவிக் கொடுத்து, ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன்.

நல்ல ரேங்க்! ஸ்டோர் ரூமில் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மாதாவே, நன்றி.

ஜூலை 11, வியாழன்

வார்டு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். அழகுமீனா கையில் வைத்தபோது, "சிஸ்டர், பேசுனீங்களா? ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று மெல்லக் கேட்டாள். ரினி விஷயம் இவள் காதுக்கும் போய்விட்டதே என்று இருந்தது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா, நல்ல ரேங்க்" என்றேன். தின்னாமல் மைசூர்பாகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் வாங்கித் தின்றாள்.

ஜூலை 13, சனி

பீரோ நேற்றே வந்துவிட்டது. சக்கரம் புதுசு, சத்தமே இல்லை. அழகுமீனாவுக்குத் திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். கட்டோடு வீட்டுக்குப் போய், ஒரு வாரம் கழித்து வந்து பிரித்துக்கொள்ளலாம். ஆனந்தராசு வார்டு ஊழியர்களுக்கெல்லாம் முறுக்கு வாங்கிவந்திருந்தான். மணப்பாறை முறுக்கு, கேட்கவா வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை பதினொரு மணி இருக்கும். ஆனந்தராசு கீழே காப்பீட்டுக் கவுண்டரில் இருந்தான். மாமியார் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். அழகுமீனாவின் சேலையைச் சரிசெய்து, மருந்துப் பையைக் கையில் கொடுத்தேன். பையை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"சிஸ்டர், என்னை அனுப்புறீங்களே. பாத்துக்கிறோம்னு சொன்னீங்களே."

"என்னம்மா? என்ன சொன்னேன்?"

"அத்தை குளிக்கப் போயிருந்தப்ப எல்லாத்தையும் சொன்னேனே சிஸ்டர். ஆசிட்டு தானா கொட்டல. அவுருதான் ஊத்துனாரு. அக்காகூட திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போறேன்னு சொன்னதுக்கு, ரெண்டு கையையும் அத்தை புடிச்சுக்க, அவுரு ஊத்துனாரு. போலீஸ்ல சொல்லுங்க, எங்கக்காவுக்குப் போன் பண்ணுங்கன்னு கேட்டேன். நீங்கதான் பயப்படாதீங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்னு சொன்னீங்க. அஞ்சு நாளா காத்துக் கெடக்குறேன்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வார்டில் ஆட்கள் நடப்பது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. அந்தக் கைகள்! விரலில்கூட ஒரு சொட்டு படவில்லை என்று நானே துடைத்துவிட்டுச் சொன்னேனே.

"இளநி ஊட்டுறப்பவும் காதுக்குள்ள அதேதான் சிஸ்டர் சொல்லுவாரு. வீட்டுக்கு வா, ஒரு கண்ணு மிச்சம் இருக்காமேன்னு."

அதைத்தானே நாங்கள் பத்துப் பேர் பார்த்துப் பார்த்து உருகினோம். அதைச் சொல்லித்தானே என் புருஷனைக் குத்திக்காட்டினேன்.

அப்புறம்தான் பொறி தட்டியது. பீரோ! இவள் மனசைத் திறந்து கொட்டியது அந்தத் தகரப்பெட்டியிடம். அதுவும் என் குரலில் பாத்துக்கிறோம் என்று சொல்லிவிட்டு, இழுப்பறையை மூடிக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அது எதிரே வந்திருந்தால் மாடியிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன்.

டாக்டர் வைதேகியின் அறைக்கு ஓடினேன். உள்ளே நோயாளி இருந்தார், நான் கதவைத் தட்டவில்லை. விஷயத்தைக் கேட்டதும் டாக்டரின் முகம் வெளுத்தது. ஆனால் அடுத்த நிமிடமே எழுந்து வந்து, கவுண்டரிலிருந்து திரும்பிய ஆனந்தராசிடம் சாதாரணமாகச் சொன்னார்: "கண்ணுல பிரஷர் ஏறியிருக்கு. இன்னைக்கு அனுப்ப முடியாது."

"நேத்து எல்லாம் சரின்னீங்களே டாக்டர்?"

"நேத்து சரி. இன்னைக்கு ஏறியிருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். முறுக்குப் பொட்டலத்தை நீட்டிய அதே சிரிப்பு. முதல் தடவையாக எனக்கு அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது. அழகுமீனாவை உள்ளே ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். அங்கே துணைக்கு ஆள் அனுமதி இல்லை என்று மாமியாரை வெளியே நிறுத்தினேன். மேட்ரன் போலீஸுக்குப் போன் செய்தார். நான் திருப்பூருக்குப் போன் செய்தேன். அக்கா எடுத்ததும் நான் யார் என்று சொல்லக்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஜூலை 16, செவ்வாய்

மகளிர் போலீஸ் வந்து அழகுமீனாவிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். தெளிவாகச் சொன்னாள். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனந்தராசை மருத்துவமனை டீக்கடையிலேயே பிடித்துவிட்டார்கள். அப்போதும் இளநீர் வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தானாம். மாமியாரையும் கூட்டிப்போனார்கள். போகும்போது வார்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவள் வாயில் நான் என் மகளோடு நாசமாய்ப் போக வேண்டும். போகட்டும், அதற்கெல்லாம் கலங்குகிற நிலையில் நான் இல்லை.

எல்லாரும் போனபின் அழகுமீனாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னை வஞ்சகி என்று நினைத்துவிடக்கூடாதே என்ற தவிப்பு.

"அழகு, உனக்கு ஒரு விசயம் தெரியணும். நீ அன்னைக்குச் சொன்னது என்கிட்ட இல்லம்மா. அந்த மெஷின்கிட்ட. அதுதான் என் குரல்ல பதில் சொல்லிட்டுப் போயிருக்கு. எங்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே பாத்திருப்பேன்."

"அப்புடியா சிஸ்டர்" என்றாள்.

அக்கா கற்பகவல்லி சாயங்காலம் வந்துசேர்ந்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு இருந்ததை நின்று பார்க்க முடியவில்லை.

ஜூலை 18, வியாழன்

நிர்வாகக் கூட்டம். நான் போட்ட போட்டில் ஏசி அறையே சூடாகிவிட்டது. "கேக்கத் தெரியாத ஜென்மத்துக்கு ஆறுதல் சொல்ல மட்டும் எதுக்கு சார் கத்துக்குடுத்தீங்க? அந்தப் பொண்ணு அதை நம்பி அஞ்சு நாள் செத்துப் பொழச்சிருக்கா. நாளைக்கு இன்னொருத்தி நம்பி வீட்டுக்குப் போய்ச் செத்தா யாரு பொறுப்பு?"

பீரோவின் பேச்சை முழுதாக நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. இனி மருந்தும் துணியும் சுமந்துகொண்டு ஊமையாகப் போய்வரும். முபாரக் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேட்ரன் உட்காரச் சொல்லிவிட்டார்.

கடைசியில் எனக்குப் பொன்னாடை. "இயந்திரம் கோட்டைவிட்டதை ஒரு மனுஷி பிடிச்சிருக்காங்க" என்று நிர்வாக அதிகாரி பேச, எல்லாரும் கைதட்டினார்கள். படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். இன்னாசி பொன்னாடையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஜூலை 19, வெள்ளி

பீரோவின் வாயை அடைக்க முபாரக் வந்திருந்தார். வேலையை முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. அந்தம்மா புதன்கிழமை சொன்னதாத்தானே போலீஸ்ல எழுதியிருக்கு? புதன்கிழமை வண்டி இங்க இல்லையே. நான்தான சக்கரம் மாத்த எடுத்துட்டுப் போனேன்."

"கண்ணைக் கட்டிப் படுத்திருக்கிறவளுக்குக் கிழமை எப்படித் தெரியும்? முன்ன பின்ன இருக்கும்" என்றேன்.

"வெள்ளிக்கிழமையா இருக்குமோ?"

"வெள்ளிக்கிழமைதான்."

"சரி சிஸ்டர்" என்று போய்விட்டார். நல்ல மனிதர். ஆனால் கம்பெனி சம்பளம், அந்தப் பக்கம்தான் பேசுவார்.

மண்டையிடி. ரினி சமைக்கிறாள். இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூலை 20, சனி

சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. மாமியார் மறுபடி எப்போதாவது குளிக்கப் போனாளா என்று பக்கத்துக் கட்டிலில் சும்மா விசாரித்தேன். அவர்களுக்கு நினைவில்லையாம்.

ஜூலை 22, திங்கள்

அழகுமீனாவின் கட்டைப் பிரித்தோம்.

டாக்டர் வைதேகி விளக்கைக் குறைத்துவிட்டு, பஞ்சை நனைத்து நனைத்து எடுத்தார். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வலது கண் திறந்தது. சிவந்து, நீர் வழிந்து, ஆனால் பார்த்தது. டாக்டர் காட்டிய விரல்களைச் சரியாகச் சொன்னாள். அக்காவைப் பார்த்தாள். "என்னக்கா இப்புடி எளைச்சுப் போயிட்ட?" என்று அவளைக் கேட்டாள். அறையில் இருந்த எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் எமல்டா சிஸ்டரா? குரலுக்கு வேற மாதிரி நெனச்சிருந்தேன்."

"எப்படி?"

"உசரமா." மறுபடி எல்லாரும் சிரித்தோம்.

மத்தியானமே திருப்பூருக்குக் கிளம்பினார்கள். நான் லிஃப்ட் வரை கூடப் போனேன். வராந்தா முனையில் பீரோ நின்றுகொண்டிருந்தது. சுவரோரம் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, திரையில் இரண்டு பொம்மைக் கண்களும் மூடியிருக்கின்றன.

"இதுதானா சிஸ்டர், உங்க குரல்ல பேசுனது?"

"இதுதான்."

அக்காவின் கையை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் போனாள். ஒற்றைக் கண்ணால் முன்னால் பார்த்தாள். குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் தடவினாள், சுற்றிப்போய் மறுபக்கமும் தடவினாள். இழுப்பறையின் விளிம்பில் விரலை ஓட்டினாள். எதையோ தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. என்ன தேடுகிறாள் என்பதும் தெரிந்தது. அங்கிருந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதுக்குக் கையே இல்லையே சிஸ்டர்."

நான் திரும்பி லிஃப்ட் பட்டனை அழுத்தினேன்.

"அன்னைக்கு என் தலையைத் தடவிக் குடுத்தாங்க. பையில போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு." அதில் கோபம் இல்லை. ஆனந்தராசைப் பற்றிப் போலீஸிடம் சொன்னபோது பேசினாளே, அதே குரல், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "மெஷினுக்குக் கை இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

லிஃப்ட் வந்தது. அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடும்வரை அந்த ஒரு கண் என்மேலேயே இருந்தது.

எனக்குத் தெரியும். முபாரக் வந்து சொன்ன அன்றே தெரியும். என் காதோரம் அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட எனக்கு ஞாபகம் இல்லை. ரினியின் ரேங்க் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, எவ்வளவு யோசித்தும் வரமாட்டேன் என்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

பொன்னாடையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மேட்ரன் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன் அடித்தது, தலையைத் தடவியது, ஸ்டோர் ரூம், பஞ்சு மூட்டை, எல்லாம். கமலவேணி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

"கதவைச் சாத்து எமல்டா" என்றார். சாத்தினேன்.

"அந்தப் பொண்ணைக் காப்பாத்தியாச்சு. அவன் உள்ள இருக்கான். மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் கைதட்டியாச்சு. இப்பப் போயி இதக் கெளப்புனா யாருக்கு என்ன லாபம்? நம்மள்ல யாரு பாத்துக்கிறோம்னு சொல்லாம இருக்கோம்? பழிய மெஷின் மேல போட்டாச்சு, போட்டதாவே இருக்கட்டும். அது என்ன மனசு நோகவா போகுது?"

பொன்னாடையை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தேன். அறிவிப்புப் பலகையிலிருந்து என் படத்தையும் பிய்த்து எடுத்தேன். யாரோ பார்த்தார்கள், பார்க்கட்டும்.

வார்டுக்குத் திரும்பியபோது பன்னிரண்டாம் கட்டிலில் புதிதாக ஒரு பெண். வயல்வேலையில் கரும்புத் தோகை கண்ணைக் கிழித்து ஆபரேஷன் ஆனவள். இரண்டு கண்ணிலும் கட்டு. துணைக்கு வந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பீரோ சத்தமில்லாமல் அவள் கட்டிலருகே போய் நின்று இழுப்பறையைத் திறந்தது.

"யாரு? யாரு அங்க நிக்கிறது?" என்று அவள் பயந்து கையைக் காற்றில் நீட்டித் துழாவினாள்.

பதில் சொல்ல அதற்கு வாய் இல்லை. அடைக்கவைத்தது நான். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். "எமல்டா சிஸ்டர்ம்மா, நான்தான்" என்றேன். அவள் என் கையை இறுக்கிக்கொண்டு, "சிஸ்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வெட்கக்கேடு, இன்றைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேளும்மா" என்றேன்.